பரண்ல இருக்கா? இறக்குங்க: பழைய கருவிகளுக்காக ஓர் எடிட் படம் செய்ததும் அதையொட்டி வந்த கேள்விகளும்

சேலத்தில் சின்னதாக டிசைன் வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை நோட்டீஸ், ஆடி மாதம் வந்தால் கோயில் போஸ்டர். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ரேடியோவும் டேப்பும் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் ஒருவர், "கடைக்கு ஒரு படம் போட்டுக் கொடு தம்பி, நல்ல செட்டையெல்லாம் எடைக்குப் போடறாங்க, பார்க்கவே வயிறு எரியுது" என்றார். அவருக்காகச் செய்த எடிட் படம் மொபைல் மொபைலாகப் போய், எங்கிருந்தெல்லாமோ கேள்வி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி விரல் தேய்ந்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே.

படத்தைப் பார்க்காதவர்களுக்கு: அதில் என்னதான் இருக்கிறது?

அம்மாப்பேட்டையில் ஒரு கைத்தறி வீடு. நெசவாளர் ஒருவர் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறார். பின்சுவர்ப் பலகையில் மரப்பெட்டி போட்ட மர்ஃபி வால்வு ரேடியோ (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, உள்ளே கண்ணாடிக் குழல்கள் எரிகிற வகை), டயல் மஞ்சளாக எரிகிறது. ரேடியோவின் முதுகிலிருந்து ஒரு ஒயர் இறங்கி அவர் பக்கத்தில் கிடக்கிற மொபைலில் சேர்கிறது. மேலே பெரிதாக "பரண்ல இருக்கா? இறக்குங்க." அடியில் சின்னதாக "பிளக்கில் சொருகும் முன் மெக்கானிக்கிடம் காட்டுங்க."

தறி வீடு ஒரு போட்டோ, ரேடியோ இன்னொன்று (எங்கள் அம்மாயி வீட்டு ரேடியோ), ஒயரும் மொபைலும் மூன்றாவது. மூன்றையும் சேர்த்ததுதான் படம். முதலில் விசைத்தறிக் கூடத்தைத்தான் எடுத்துவைத்திருந்தேன். அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "அந்தச் சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் பேசறதே கேக்காது, ரேடியோ எங்க கேக்கறது?" உடனே கைத்தறிக்கு மாறினேன்.

முன்னால் வேறு ஒரு படம் செய்தீர்களாமே, அதை ஏன் தூக்கிப் போட்டீர்கள்?

ஆமாம், அதைச் சொல்ல கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏற்காடு ஏரி, காலை மூடுபனி, தண்ணீருக்கு மேலே மிதக்கிற மாதிரி ரேடியோ, எல்லாம் பழுப்பு நிறத்தில், கீழே "பழமையைப் போற்றுவோம்" என்று ஒரு வரி. பார்த்தவர்கள் அத்தனை பேரும் சூப்பர் என்றார்கள். பரணிலிருந்து ஒருவர்கூட எதையும் இறக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் கேட்டார்கள்: "எங்ககிட்டயும் ஒண்ணு இருக்கு, வித்தா என்ன கிடைக்கும்?"

அப்போதுதான் மண்டையில் ஏறியது. பழசை மெச்ச வைக்கிற படம் வேறு, பழசை எடுத்துப் புழங்க வைக்கிற படம் வேறு. முதல் படம் ரேடியோவுக்கு மாலை போட்டு சுவரில் மாட்டிவிட்டது, அவ்வளவுதான். மாலை போட்ட படத்தை யாரும் இறக்கிக் கையில் எடுக்க மாட்டார்கள். இரண்டாவது படத்தைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்வியே வேறு: "நிஜமாவே மொபைலை அதுல மாட்டலாமா?" எனக்கு வேண்டியதும் அந்தக் கேள்விதான்.

சரி, நிஜமாகவே மாட்டலாமா?

பல வால்வு ரேடியோக்களில் முடியும். அந்தக் காலத்தில் கிராமபோன் தட்டை ரேடியோ ஸ்பீக்கரில் கேட்பதற்காகப் பின்பக்கம் பிக்கப் என்று ஒரு சாக்கெட் வைத்திருப்பார்கள். அதற்குள் தட்டின் ஒலி போனாலும் மொபைலின் ஒலி போனாலும் ரேடியோவுக்கு ஒன்றுதான். மொபைலிலிருந்து இடது, வலது என்று இரண்டு சத்தம் வருமே, அதை இரண்டு ரெசிஸ்டர் வைத்து ஒன்றாக்கிக் கொடுக்க வேண்டும்.

ஆனால் இங்கே விளையாட்டு வேண்டாம். வால்வு செட்டுக்குள் இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சர்களில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். அதைவிட மோசம், ஏசி/டிசி செட் என்று ஒரு வகை உண்டு. அதில் டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, உள்ளே இருக்கிற இரும்புத் தட்டு நேரே மெயின் கரண்டோடு சேர்ந்திருக்கும். அதில் மொபைலை மாட்டினால் மொபைல் போனாலும் பரவாயில்லை, ஆள் போய்விடலாம். எந்த வகை என்று மெக்கானிக் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும், மெயின் கரண்டிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கிற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுத்தான் அதைத் தொட வேண்டும். முப்பது வருஷம் சும்மா கிடந்த செட்டை ஒரேயடியாக ஆன் செய்வதும் தப்பு. எலக்ட்ரோலிடிக் கன்டென்சர்கள் காய்ந்திருக்கும், வெடிக்கவும் செய்யும். அண்ணன் முதலில் அதையெல்லாம் மாற்றிவிட்டு, ஒரு குண்டு பல்பை சீரிஸில் போட்டுத்தான் கரண்ட் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், படத்தில் அந்த ஒயர் எங்கே போகிறது என்பதை நான் இஷ்டத்துக்கு வரையவில்லை. ஸ்பீக்கர் துணிக்குள் ஒயர் நுழைகிற மாதிரி போட்டிருந்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து எவனாவது ஸ்பீக்கரைக் குடைந்துவிட்டால் யார் பொறுப்பு? செய்துபார் என்று சொல்கிற படத்தில் செய்முறை தப்பாக இருக்கக் கூடாது. அந்தச் சின்ன எழுத்து எச்சரிக்கையும் அதற்காகத்தான், டிசைனுக்கு இடைஞ்சல் என்று எடுத்துவிடாதீர்கள்.

பழுப்பு நிறம் போட்டால்தானே பழைய காலம் மாதிரி இருக்கும்?

பழைய காலம் பழுப்பாக இல்லை. செப்பியா என்பது பிரிண்டில் இருக்கிற வெள்ளியை வெள்ளி சல்ஃபைடாக மாற்றுகிற ஒரு டார்க்ரூம் வேலை, படம் நீடிக்கவும் அழகுக்காகவும் செய்தார்கள். எழுபதுகளின் கலர் போட்டோக்கள் இப்போது செக்கச்செவேல் என்று கிடப்பதற்கும் காரணம் காலம் இல்லை, பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறிப் போனதுதான். ரேடியோவோ புதிதில் வார்னிஷ் பளபளப்போடு வந்தது. இன்றைக்கு இருக்கிற பொருளை இன்றைய வெளிச்சத்தில், இன்றைய நிறத்தில் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு மொபைல், ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கிடந்தால் இன்னும் நல்லது.

என்ன பொருளை வைத்துப் படம் செய்யலாம்? பழசு எல்லாமே சரியா?

இல்லை. என் கணக்கு ரொம்ப எளிது: பார்த்தவர் நாளைக்கே அதைப் பயன்படுத்த முடியுமா, கெட்டால் சரிசெய்ய ஆள் பக்கத்தில் இருக்கிறாரா?

டைப்ரைட்டர் நம் ஊருக்கு நல்ல பொருள். கோத்ரெஜ் நிறுவனம் 2009-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டது, ஆனால் தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வித் துறையின் ஜூனியர், சீனியர் தேர்வுக்காகவும் குரூப் 4 தட்டச்சர் வேலைக்காகவும் பிள்ளைகள் அதிலேயே தட்டிப் பழகிவந்தார்கள், அதனால் ரிப்பனும் மெக்கானிக்கும் சட்டென்று அழிந்துபோகவில்லை. கையால் சாவி கொடுக்கிற எச்எம்டி வாட்ச்சும் அப்படித்தான், பேட்டரியே வேண்டாம், சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் ஓடும். கால் மிதி தையல் மெஷினைப் பழைய டெக்னாலஜி என்று சொன்னால் எங்கள் தெரு டெய்லர் அக்கா கோபித்துக்கொள்வார், அதனால் அதை விடுகிறேன். கேசட் பிளேயரில் பெரும்பாலும் கெடுவது ரப்பர் பெல்ட். அது உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும், துடைத்துவிட்டு வேறு பெல்ட் போட்டால் பாதி செட்டுகள் எழுந்துவிடும்.

அக்ஃபா கிளிக் 3 கேமரா பார்க்க ஆசையாக இருக்கும், 120 ஃபிலிமில் பன்னிரண்டு படம் வரும், ஆனால் ஃபிலிம் விலையையும் கழுவுகிற செலவையும் சேர்த்தால் கை கடிக்கும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, பனி ஈரத்தில் பரணில் கிடந்த லென்ஸில் பூஞ்சை பிடித்து சிலந்தி வலை மாதிரி ஓடியிருக்கும். பேஜரை விட்டுவிடுங்கள், அதற்கு நெட்வொர்க்கே இல்லை. பழைய பட்டன் மொபைலைப் படத்தில் வைத்தால் 2ஜி சிம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. பழைய ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம், கரண்ட் பில்லைப் பார்த்து உங்களைத்தான் திட்டுவார்கள்.

வால்வு ரேடியோ மட்டும் கரண்ட் குடிக்காதா?

குடிக்கும், ஒரு குண்டு பல்பு அளவுக்கு. மொபைல் சார்ஜரோடு ஒப்பிட்டால் அதிகம்தான், மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் மொபைல் மாதிரியான பொருட்களில் சுற்றுச்சூழல் சுமையின் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே சேர்ந்துவிடுகிறது. ஏற்கெனவே செய்து முடித்த பொருளை இன்னும் பத்து வருஷம் ஓட்டுவதில் லாபம் அங்கேதான். 2022-இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் என்றும் ஐநா அறிக்கை சொல்கிறது. இந்த எண்ணைப் படத்தில் போடலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். 6.2 கோடி டன் யாருடைய பரணிலும் இல்லை.

ரேடியோவை எப்படிப் போட்டோ எடுத்தீர்கள்?

மொபைலில்தான். இரண்டு முறை எடுக்க வேண்டியிருந்தது, அதுதான் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம். முதல் முறை வீட்டு ஜன்னல் பக்கத்தில் வைத்து எடுத்தேன், வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து. தறி வீட்டிலோ வெளிச்சம் கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக மேலிருந்து இறங்குகிறது. சேர்த்துவைத்துப் பார்த்தால் ரேடியோ ஏதோ சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குத் தெரியாமல் வந்தவன் மாதிரி ஒட்டாமல் நின்றது. எவ்வளவு பிரஷ் ஓட்டியும் சரியாகவில்லை. அப்புறம் ரேடியோவைத் திண்ணைக்குத் தூக்கிவந்து, மேலே பாதி தார்ப்பாய் மறைத்து, மேலிருந்து மட்டும் வெளிச்சம் விழுகிற மாதிரி எடுத்தேன், பாதி எடிட்டிங் வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

இன்னொன்று, கிட்டே போய் எடுக்காதீர்கள், மொபைலின் அகல லென்ஸில் ரேடியோவின் முகம் உப்பிக்கொள்ளும். நாலு அடி பின்னால் தள்ளி நின்று 2 எக்ஸ் ஜூமில் எடுங்கள். தறி வீட்டை எந்த உயரத்திலிருந்து எடுத்தீர்களோ, அதே கோணத்தில் ரேடியோவையும் எடுக்க வேண்டும், பலகை கண்ணுக்கு மேலே இருந்தால் ரேடியோவின் மேல்பக்கம் தெரியவே கூடாது. தூசியை முழுக்கத் துடைக்காதீர்கள், கொஞ்சம் இருக்கட்டும்.

வெட்டி ஒட்டியது தெரியாமல் செய்வது எப்படி? என்ன சாஃப்ட்வேர்?

ஜிம்ப். காசு கிடையாது. இன்ஸ்டால் செய்ய முடியாதவர்களுக்கு பிரவுசரிலேயே ஓடுகிற போட்டோபியா இருக்கிறது. என் கம்ப்யூட்டரே பழசு, விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத வகை. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததால் லினக்ஸும் ஓர் எஸ்எஸ்டியும் போட்டு ஓட்டுகிறேன். பழசைப் பயன்படுத்தச் சொல்கிற படத்தைப் பழைய கம்ப்யூட்டரில் செய்ததில் எனக்கு ஒரு சின்ன கர்வம் உண்டு.

வேலை என்று பார்த்தால், ரேடியோவை வெட்டும்போது பின்னணியை அழிக்காதீர்கள், லேயர் மாஸ்க் போட்டு மறையுங்கள், பிறகு தப்பைத் திருத்திக்கொள்ளலாம். விளிம்பை ஒரு பிக்சல் அளவு மென்மையாக்குங்கள். கத்தி மாதிரி கூராக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். நிழல் இரண்டு வேண்டும்: ரேடியோவின் அடியில் பலகையைத் தொடுகிற இடத்தில் ஒடுக்கமாக, அடர்த்தியாக ஒன்று, சுவரில் பரவலாக, மங்கலாக இன்னொன்று. இரண்டையும் மல்டிப்ளை மோடில் (கீழே இருப்பதை இருட்டாக்கிக் காட்டும்) தனி லேயரில் வையுங்கள். நிழலுக்குக் கறுப்பு நிறம் எடுக்காதீர்கள், அந்தச் சுவரிலேயே இருட்டாக இருக்கிற மூலையிலிருந்து நிறத்தை உறிஞ்சி எடுங்கள். டயல் எரிவதற்கு ஸ்கிரீன் மோடில் (இது வெளிச்சமாக்கும்) மஞ்சள், மென்மையான பிரஷ், ரொம்பக் குறைவான அடர்த்தி. அந்த மஞ்சள் பலகை மரத்திலும் லேசாகப் படிய வேண்டும், அதை மறந்தால் டயல் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கும். கடைசியாக மொத்தப் படத்துக்கும் ஒரே அளவில் கொஞ்சம் இரைச்சல்புள்ளி (நாய்ஸ்) தூவினால் மூன்று போட்டோவும் ஒரே கேமராவில் எடுத்ததாகச் சேர்ந்துகொள்ளும்.

தமிழில் எழுதினால் எழுத்து உடைகிறதே?

போட்டோஷாப்பில் வருகிற வியாதி இது. "கெ" என்று அடித்தால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். டைப் அமைப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வை, புதிய பதிப்புகளில் வேர்ல்ட் ரெடி என்று இருப்பதை, போட்டுவிட்டால் சரியாகிவிடும். ஜிம்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் இந்தத் தொல்லை இல்லை. எழுத்துருவுக்கு கூகுள் தருகிற முக்த மலர், கேட்டமரன், பவனம், ஹிந்த் மதுரை எல்லாம் இலவசம், விளம்பரத்திலும் போடலாம்.

அறுபதுகளின் விளம்பரம் மாதிரி எழுத்து வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ணை, லை, ளை, னை நான்கையும் அப்போது யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்துத்தான் அச்சடித்தார்கள், ணா, றா, னா மூன்றும் சுழித்துக் கீழே இறங்கும். பெரியார் 1935-லேயே குடி அரசு இதழில் மாற்றிவிட்டார், அரசு ஆணையாக வந்தது 1978-இல். கம்ப்யூட்டரில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கிற யூனிகோடில் பழைய வடிவுக்குத் தனி எண் கிடையாது, அந்த வடிவத்தோடு செய்த எழுத்துரு கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் கையால் வரைய வேண்டியதுதான். அதைச் செய்யாமல் பழைய ரேடியோவுக்குப் பக்கத்தில் பழைய மாதிரி பலகையை வைத்து அதில் புது "லை" எழுதினால், வயதானவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாசகத்தைப் பேச்சுத் தமிழில் ஏன் போட்டீர்கள்?

"பழைய கருவிகளை மறுபயன்பாடு செய்வீர்" என்று போட்டால் அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கும், அதைப் படித்துவிட்டு நடந்துவிடுவோம். பரண் என்ற சொல் வந்ததும் எல்லோருக்கும் அவரவர் வீட்டுப் பரண் கண்ணில் வரும். அங்கே என்ன கிடக்கிறது என்றும் தெரியும்.

ஏஐ-யிடம் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தருமே?

தரும். நானும் கேட்டுப் பார்த்தேன். ரேடியோ டயலில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்து, டைப்ரைட்டரில் விசைகள் பல்வரிசை மாதிரி தாறுமாறாக, தறியில் பாவு எங்கே ஊடை எங்கே என்றே தெரியவில்லை. அம்மாப்பேட்டையில் ஒட்டுவதற்கு அந்தப் படத்தோடு போனால் என்னையே நெய்துவிடுவார்கள். இனிமேல் அதெல்லாம் தேறிவிடலாம், எனக்கு வேறு காரணமும் இருக்கிறது: இது இல்லாத ரேடியோவின் படமாக இருந்தால், "இருக்கா?" என்று கேட்கிற உரிமை அந்தப் படத்துக்கு இல்லை.

இணையத்தில் கிடைக்கிற பழைய படங்களை எடுத்துச் சேர்க்கலாமா?

கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்க முடியாது. இந்தியாவில் இப்போதைய சட்டப்படி போட்டோவுக்குப் பதிப்புரிமை, எடுத்தவர் உயிரோடு இருக்கும் வரையும், அவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 வருஷமும். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று போட்டிருந்தாலும் உரிமத்தைப் படியுங்கள், மாற்றக் கூடாது என்ற வகை ஒன்று உண்டு, அதை வெட்டி ஒட்டவே முடியாது. சினிமா ஊர் என்பதற்காகப் பழைய படக் காட்சிகளை எடுத்துப் போட வேண்டாம். டி.ஆர். சுந்தரத்தின் சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸ் வேண்டுமென்றால் ஏற்காடு ரோட்டில் அதன் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது, பஸ் ஏறிப் போய் நீங்களே எடுத்து வாருங்கள்.

பிரிண்ட் என்ன அளவு? ஃப்ளெக்ஸ் போடலாமா?

ஏ3 காகிதம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3508க்கு 4961 பிக்சல். 12 மெகாபிக்சல் மொபைல் படத்தில் 240 சுமாருக்குத்தான் வரும், அதுவே போதும், கடைச் சுவரில் யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை. அச்சில் டயல் மஞ்சள் மங்கிவிடும், திரையில் இருப்பதைவிடக் கொஞ்சம் தூக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும். ஃப்ளெக்ஸ் வேண்டாம். அது பிவிசி பிளாஸ்டிக். குப்பையைக் குறைக்கச் சொல்லும் படத்தை அதில் அடித்தால் ஊரே சிரிக்கும்.

படத்தைப் பார்த்து யாராவது உண்மையில் ரேடியோவை இறக்கினார்களா?

எனக்குத் தெரிந்து அண்ணன் கடைக்கு மூன்று செட் வந்தது. ஒன்றில் கரையான் பெட்டியையே தின்றுவிட்டது, ஸ்பீக்கரை மட்டும் எடுத்துக்கொண்டார். ஒன்று பாடுகிறது. இன்னொன்றுக்கு வால்வு தேடிக்கொண்டிருக்கிறார்.

அம்மாயி வீட்டு ரேடியோ இப்போது எங்கே?

நிஜமாகவே தறி வீட்டில்தான். போட்டோ எடுக்கப் போனபோதே அந்தப் பலகை காலியாகக் கிடந்தது, நெசவாளர் மாமா கேட்டுவிட்டார், அண்ணன் சரிசெய்து மாட்டிக் கொடுத்தார். படத்துக்கும் நிஜத்துக்கும் ஒரே ஒரு வித்தியாசம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் மேலே பேசியதெல்லாம் வீண். இடது பக்கக் குமிழ் எங்களிடம் இல்லை, எப்போதோ தொலைந்துவிட்டது. படத்தில் இருப்பது வலது குமிழை நகலெடுத்துத் திருப்பி ஒட்டியது. மாமா அந்த இடத்தில் ஒரு பாட்டில் மூடியைச் சொருகித்தான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறார். அந்த மாடல் குமிழ், பால் நிறத்தில் நடுவே பித்தளை வட்டத்தோடு, யார் வீட்டிலாவது கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.